கொதித்தால் தெளிந்த நீர்

மாசி மாதத்தில் ஒரு காலை, என் கையிலிருந்த சோற்றுப் பானையை மாமியார் வாங்கிக்கொண்டார்.

"நீ தண்ணி எடு, மாட்டுக்கு வையி. இனிமே அடுப்புப் பக்கம் வர வேணாம்" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. முந்தின நாள் கிணற்றடிக்கு நான் போனதும் பெண்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அதற்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, என் கணவரின் உறவுக்காரி ஒருத்தி என்னைக் கண்டதும் தன் கைப்பிள்ளையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். என் கணவருக்கு நான் இடுமருந்து வைத்துவிட்டேன் என்று ஊர் பேசிக்கொண்டிருந்தது. புருஷனைத் தன் சொல்லுக்குள் வைத்துக்கொள்ள ஒரு பெண் சோற்றில் கலந்து கொடுப்பதற்கு அந்தப் பெயர். அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உள்ளேயே உருக்கிவிடும் என்பார்கள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது என்பது பானை கைமாறியபோது எனக்குத் தெரிந்தது.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். என் தகப்பனார் உபதேசியாராக இருந்தவர். அதனால்தான் எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். மார்க்கையன்கோட்டைப் பக்கம் என்னைக் கட்டிக்கொடுத்தபோது, படித்த பெண் என்று பெருமையாகத்தான் அழைத்துப் போனார்கள். வீட்டில் மாமியார், என் கணவர், அவருடைய அண்ணன், நான் ஆகிய நான்கு பேர். மூத்தவருக்கு மனைவி பிரசவத்தில் போய்விட்டாள்; மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. தகப்பன் இல்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். நஞ்சையும், இரண்டு ஜோடி மாடும், இரண்டு வண்டிகளும் இருந்தன.

மலைமேல் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணனும் தம்பியும் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு கூடலூர் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் வண்டி ஓட்டினார்கள். அங்கே காய்ச்சலில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து போன இரண்டு பேர் திரும்பவில்லை. நான் என் கணவரிடம் போக வேண்டாம் என்று சொன்னேன். பல தடவை சொன்னேன். கடைசியில் அவர் வண்டி ஓட்டுவதை நிறுத்தி, நிலத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மூத்தவர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தம்பி தன் சொல்லைத் தட்டியது அதுதான் முதல் தடவை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. நான் தம்பியை மயக்கி வைத்திருக்கிறேன் என்று நினைக்க அவருக்கு வேறென்ன வேண்டும்?

பிறகு என் கணவருக்கு நோய் வந்தது. முதலில் இடுப்பில் வலி. அறுப்பு வேலையில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தோம். நொச்சி வதக்கி ஒத்தடம் கொடுத்தேன். ஒரு நாள் களத்தில் நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தவர் தூசியில் தும்மினார். தும்மியதும் விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எலும்பு கட்டுகிறவர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு விலா முறிந்திருக்கிறது என்றார். "எங்கனயும் விழுந்தீகளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தும்மலில் விலா முறிந்ததை அவர் தன் தொழிலில் கண்டதில்லை. கட்டுப் போட்டுவிட்டு, கூலி வாங்காமல் எழுந்து போனார்.

அதன்பின் என் கணவர் வெளுத்துப் போனார். சதா தாகம். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. நெஞ்செலும்பைத் தொட்டாலே கத்தினார். இன்னொன்றையும் பார்த்தேன், பார்த்ததை யாரிடமும் சொல்லப் பயந்தேன். எங்கள் வீட்டு நிலைப்படி தாழ்வானது. அவர் எப்போதும் தலையைக் குனிந்துதான் உள்ளே வருவார். அந்த மாசியில் குனியாமலே வந்தார், தலை இடிக்கவில்லை.

மூத்தவர் குமுளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இடுமருந்து எடுக்கிறவர் ஒருவரைக் கூட்டி வந்தார். பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசினார். என் கணவரைக் கட்டிலில் படுக்க வைத்து, வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, வாயிலிருந்து மயிரும் சளியும் கலந்த ஒரு உருண்டையைத் துப்பி வாழை இலையில் வைத்தார்.

"இது கொறச்சுதான். உள்ளில் இனியும் உண்டு" என்றார். "இவிடெ வச்சு எடுக்கான் பற்றில்ல. என்டெ வீட்டில் கொண்டு வரணும்."

இங்கே வைத்து எடுக்க முடியாது, அவருடைய இடத்தில் ஒரு மண்டலம் தங்க வேண்டும், தினமும் குடம் குடமாகத் தண்ணீரைத் தலையில் ஊற்றி உடம்பை உலுக்கி ஆட வைத்தால் மருந்து வெளியே வரும் என்று மூத்தவர் எங்களுக்கு விளக்கினார். அந்த உருண்டை இலையிலேயே கிடந்தது. மாமியார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

எல்லோரும் வெளியே போன பிறகு என் கணவர் கூப்பிட்டார்.

"இந்தா. கோவிச்சுக்கிறாத. நீ எனக்கு எதுவும் குடுக்கலையில்ல?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "குடுத்தேன்னு சொன்னா நோவு போயிருமா?"

"சொல்லு புள்ள."

"இல்ல. குடுக்கல."

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். நம்பினாரா என்று அந்தச் 'சரி'யில் எனக்குப் பிடிபடவில்லை. அன்று பகல் முழுக்க அவருக்கு நான் ஆக்கிப் போட்டதையெல்லாம் மனதில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிரண்டைத் துவையல், சுக்குத் தண்ணீர், கருவாட்டுக் குழம்பு. தெரியாமல் எதையாவது கலந்துவிட்டேனோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம்தான் என்னை மிகவும் பயமுறுத்தியது. ஊர் சொல்வதை நானும் நம்பத் தொடங்கிவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மறுநாள் அவருக்கு வலி தாங்கவில்லை. பாளையத்து ஆஸ்பத்திரியில் வலிக்கு ஏதாவது வாங்கித் தா என்று அண்ணனிடம் கேட்டார். உத்தமபாளையத்தைத்தான் நாங்கள் பாளையம் என்போம். மூத்தவர் வண்டியில் நிறைய வைக்கோல் பரப்பி அவரைப் படுக்க வைத்தார். "பாட்டில் மருந்த வாங்கிட்டு ஒடனே திரும்பணும்" என்று சொல்லிப் பண்ணையாள் ஒருவரை வண்டி ஓட்ட அனுப்பினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த உதவி வைத்தியர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து, அதை நூலால் காதில் கட்டியிருப்பார். அவர் மற்றவர்களைப் போல நாக்கை நீட்டச் சொல்லி மருந்து ஊற்றி அனுப்பிவிடவில்லை. முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாக விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு சிறுநீர் பிடித்து வரச் சொன்னார்.

மேஜை மேல் சாராயத்தில் எரிகிற சின்ன விளக்கு இருந்தது. கண்ணாடிக் குழலில் கொஞ்சம் நீரை விட்டு, இரண்டு சொட்டு புளித்த காடி சேர்த்து, விளக்கின் மேல் காட்டினார். கொஞ்சம் சூடேறியதுமே நீர் பால் போலக் கலங்கியது.

"பாருங்கம்மா, முட்டை வெள்ளைக்கருவ வெந்நீர்ல விட்டா வெளுக்கும் இல்லையா? அந்த மாதிரி ஒரு சத்து நீர்ல போகுது. சிறுநீரகம் கெட்டா இப்படித்தான்..." என்று சொல்லிக்கொண்டே குழலை இன்னும் சூடாக்கினார். நீர் கொதித்தது. அவர் பேச்சை நிறுத்தினார்.

கலங்கல் போய்விட்டிருந்தது. குழலில் தெளிந்த நீர்.

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வேறொரு குழலை எடுத்துக் கழுவித் துடைத்து மறுபடி செய்தார். அதே மாதிரி முதலில் வெளுத்தது, கொதித்ததும் தெளிந்தது. முதல் குழலை எடுத்துப் பார்த்தார். அது ஆறியிருந்தது, அதற்குள் மறுபடியும் வெள்ளை இறங்கியிருந்தது.

"வெந்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகுமா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டது போல இல்லை.

"என்ன ஐயா அது?"

"எனக்குத் தெரியலைம்மா. சிறுநீரக வியாதின்னா கொதிக்கக் கொதிக்க அதிகமாத்தான் ஆகணும். இது போயிட்டுத் திரும்பி வருது."

நான் கேட்கப் பயந்ததைக் கேட்டேன். "இடுமருந்தா இருக்குமா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "அப்படி ஒண்ண நான் பார்த்ததில்லை. ஆனா இது என்னன்னும் இப்ப என்னால சொல்ல முடியாது. அணை வேலை நடக்கிற இடத்து வெள்ளைக்கார டாக்டர் வர்ற செவ்வாய்க்கிழமை கீழே இறங்குறார். அவர்கிட்டக் காட்டணும். அது வரைக்கும் இவரை எங்கேயும் தூக்கிட்டுப் போகாதீங்க. முதுகெலும்பு மூணு எடத்துல அமுங்கியிருக்கு. குலுங்கினா கால் ரெண்டும் விழுந்துடும்."

வீட்டுக்கு வந்தால், வெள்ளிக்கிழமை குமுளிக்குப் புறப்படுவது என்று மூத்தவர் ஏற்பாடு செய்துவிட்டிருந்தார். மலைப்பாதையில் மாட்டு வண்டி. அதன் மேல் ஒரு மண்டலம் குடம் ஊற்றி ஆட வைப்பது.

வெள்ளிக்கிழமை காலை அவர் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலுக்குப் போய் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டேன். மூத்தவரோடு நான் அதுவரை நேருக்கு நேர் பேசியதில்லை. எதுவானாலும் மாமியார் மூலமாகத்தான்.

"பெரிய மச்சான், வண்டியக் கட்ட வேணாம். மலையேத்துனா அவுக முதுகு ஒடிஞ்சிரும்னு ஆஸ்பத்திரியில சொன்னாக."

"கைய எடு."

"செவ்வாக்கெழம வரைக்கும் பொறுங்க."

"மருந்து வெளிய வந்தா உன் குட்டும் வெளிய வந்துரும்னு பயப்படுற."

தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். நான் நுகத்தடியை விடவில்லை.

"நீங்களும் செவ்வாக்கெழம வாங்க. உங்க கண்ணால பாருங்க. அங்கன ஒண்ணும் இல்லைன்னு ஆச்சுன்னா நானே இந்த வண்டியில ஏறி வாரேன். அந்த ஆளு முன்னால என்னைய நிறுத்துங்க. ஆடச் சொன்னா ஆடுறேன். அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

அவர் என்னைத் தள்ளிவிட்டிருப்பார். கை ஓங்கித்தான் இருந்தது. அப்போது மாமியார் வெளியே வந்தார்.

"நாலு நாள்ல என்னலே ஆயிரும்? மாட்ட அவுத்து விடு."

"ஆத்தா, நீ சும்மா இரு."

"ஏலே, அவன் குட்டையாயிட்டான்லே" என்றார் மாமியார். குரல் உடைந்தது. "நேத்து நிலையில நின்னான். தலைக்கு மேல என் கை போகுது. மருந்து வயித்தைத்தானலே திங்கும்? ஆளை எப்பிடிலே குட்டையாக்கும்?"

நான் யாரிடமும் சொல்லாததை அவரும் பார்த்திருந்தார். மூத்தவர் மாட்டை அவிழ்த்தார்.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று சொல்வது கடினம். என் கணவருக்கு மாமியாரே ஊட்டினார். நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். செவ்வாய்க்கிழமை அந்தக் குழலில் வெள்ளை வராமல் போனால் எனக்கு இந்த ஊரில் இடமில்லை. அதனால் வர வேண்டும் என்று நினைத்தேன். அது வந்தால் அவருக்கு என்ன? அந்த வைத்தியரின் முகம் மாறியதை நான் பார்த்திருந்தேன். நல்ல செய்திக்கு அப்படி மாறாது. கோயிலில் முழங்காலில் நின்று, எதைக் கேட்பது என்று தெரியாமல், மனப்பாடமான செபங்களை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

செவ்வாய்க்கிழமை மூத்தவரே வண்டி ஓட்டினார். கல்லும் பள்ளமும் வருகிற இடத்தில் இறங்கி, சக்கரத்தைக் கையால் பிடித்து மெதுவாக இறக்கினார். அண்ணனுக்குத் தம்பி மேல் இருந்த பாசத்தில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இல்லை.

வெள்ளைக்கார டாக்டர் ஒடிசலான ஆள். மலைக்காய்ச்சலில் அவர் முகமே மஞ்சளாக இருந்தது. தமிழ் கொஞ்சம் வந்தது. உதவி வைத்தியர் விளக்கைப் பற்ற வைத்ததும் மூத்தவர் குறுக்கே பேசினார்.

"எல்லாரு மூத்திரமும் காச்சுனா இப்பிடித்தான் ஆகும்."

"அப்ப நீங்க கொடுங்க" என்றார் உதவி வைத்தியர்.

மூத்தவருக்கு முகம் சிவந்தது. ஆனால் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்க அவரால் முடியவில்லை. குவளையை வாங்கிக்கொண்டு சுவருக்குப் பின்னால் போனார். அவருடையதை முதலில் சூடாக்கினார்கள். தெளிவாக இருந்தது. கொதித்தது, அப்போதும் தெளிவு. ஆற வைத்தார்கள், அப்போதும் அதே தெளிவு.

பிறகு என் கணவருடையது. டாக்டர் தானே குழலைப் பிடித்தார். நான் கதவோரம் நின்றேன். தீயின் மேல் அவர் குழலை ஆட்டிக்கொண்டே இருந்தார். எதுவும் ஆகவில்லை. பிறகு அடியிலிருந்து ஒரு புகை மாதிரி எழும்பி, குழல் முழுக்க வெளுத்தது. மூத்தவர் குனிந்து பார்த்தார். கொதி வந்தது. வெள்ளை கரைந்தது. டாக்டர் குழலைத் தாங்கியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். வெளியே மாடு மணியை ஆட்டியது. ஆற ஆற, அது திரும்ப வந்தது.

டாக்டரும் உதவி வைத்தியரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். டாக்டர் வண்டிக்குப் போய் என் கணவரின் நெஞ்செலும்பையும் தலை ஓட்டையும் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து சொன்னதை உதவி வைத்தியர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"புற்றுன்னா வெளியே புண்ணாத் தெரியும்னு நினைப்போம். இது எலும்புக்கு உள்ளே இருக்கிற மஜ்ஜையில வளர்ற புற்று. உள்ளேயிருந்து எலும்பை அரிச்சிடும். அதனாலதான் தும்மினதுக்கு முறிஞ்சது. அங்க வளர்றது ஒரு சத்தை ரத்தத்துல விடுது; அது சிறுநீர்ல இறங்குது. இந்தக் குழாய்ல நீங்க பார்த்தது அதைத்தான். எலும்பைத் திறந்து பார்க்க முடியாது. இந்த நீர்தான் உள்ளே இருக்கிறதைச் சொல்லுது."

"மருந்து வச்சதுனால நீரு இப்பிடி ஆகியிருக்கும்ல?" என்றார் மூத்தவர்.

உதவி வைத்தியர் அதை மொழிபெயர்த்தார். டாக்டர் சிரிக்கவில்லை. தன் தேசத்திலும் வேறு தேசங்களிலும் இதே வலியோடு, இதே நீரோடு சிலரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றும், இறந்த பின் அவர்கள் எலும்பைத் திறந்தபோது உள்ளே சிவப்பாகக் கூழ் போல வளர்ந்திருந்தது என்றும் சொன்னார்.

"அங்கன இருக்கிற பொம்பளைகளும் மருந்து வப்பாக போல" என்றார் மூத்தவர். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

அப்போது வண்டியிலிருந்து என் கணவர் கூப்பிட்டார். "என்னைய வெளிய போட்டுட்டு உள்ள என்ன பேச்சு? எங்கிட்டச் சொல்லுங்க."

உதவி வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். எனக்கு என்ன உரிமை இருந்தது, வேண்டாம் என்று சொல்ல? வண்டியின் பக்கத்தில் போய் நின்று அவர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். இதை மாற்ற மருந்து கிடையாது. வலிக்கு அபினி கலந்து கொடுக்கலாம். அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"எம்புட்டு நாளு?"

டாக்டர் யோசித்துவிட்டுத் தன் தமிழில் சொன்னார். "அடுத்த அறுப்பு பார்க்கலாம். அப்புறம், சொல்ல முடியாது."

"மலையேறிக் குமுளிக்குப் போனா?"

"போனா வழியிலேயே முதுகு போகும்."

என் கணவர் வானத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். பிறகு, "வீட்டுக்குப் போவோம்ணே" என்றார். என் பக்கம் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில், மூத்தவருக்கு முன்னால், அத்தனை பேருக்கும் முன்னால் பிடித்துக்கொண்டேன். நான் பிழைத்தேன் என்ற நினைப்பும் அவர் பிழைக்க மாட்டார் என்ற நினைப்பும் ஒரே மூச்சில் வந்தன. அழுகை வரவில்லை. வண்டியில் ஏறிய பிறகு வாந்திதான் வந்தது.

குமுளிப் பயணம் நின்றது. ஆனால் மூத்தவர் மனம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில என்னமோ சொல்றாக" என்பார். நான் வந்தால் பேச்சை மாற்றுவார்.

சித்திரையில் ஒரு மத்தியானம், பாயை மாற்றுவதற்காக நாங்கள் அவரைத் தூக்கினோம். நான் கால் பக்கம். மூத்தவர் தோள் பக்கம். தம்பியின் கையைத் தன் கழுத்தில் போட்டு, குழந்தையைத் தூக்குவது போலத்தான் தூக்கினார். பச்சைக் குச்சியை ஒடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. அது அவ்வளவு பெரிய சத்தமும் இல்லை. என் கணவர் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. மேல்கை, முழங்கைக்கு மேலே, மூட்டு இல்லாத இடத்தில் மடங்கியிருந்தது.

மூத்தவர் அவரை மெதுவாகக் கீழே வைத்தார். தன் இரண்டு கையையும் பார்த்தார்.

"நான் அமுக்கலையே" என்றார். "ஏ தாயி, நீ பாத்தேல்ல? நான் அமுக்கவே இல்லையே."

"இல்ல மச்சான். நீங்க ஒண்ணும் செய்யல. எலும்புக்குள்ள ஒண்ணுமே இல்ல."

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சத்தமாக அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். என்னைத் தாயி என்று கூப்பிட்டதும் அன்றுதான். வலி கொஞ்சம் அடங்கியபின், என் கணவரே அண்ணனைத் தேற்ற வேண்டியிருந்தது. "விடுண்ணே, தும்முனதுக்கே ஒடிஞ்சது" என்றார். அதன்பின் அந்த வீட்டில் இடுமருந்து என்ற பேச்சு எழவில்லை. சாயங்காலம் மாமியார் என்னைக் கூப்பிட்டு, கஞ்சியை நீயே கொடு என்றார். நான் கொடுத்தேன். அவர் என் கையிலிருந்து குடித்தார்.

உதவி வைத்தியர் மட்டக்குதிரையில் வந்து போய்க்கொண்டிருந்தார். அபினி மருந்து கொண்டு வருவார். வரும்போதெல்லாம் விளக்கும் குழலும் எடுத்து வந்து நீரைப் பார்ப்பார். அதைத் தனக்கும் காட்ட வேண்டும் என்று என் கணவர் கேட்டுக்கொண்டார். பங்குனியில் பால் போல இருந்தது. ஆனியில் தயிர் போல ஆனது. ஆடி மாதம் குழலில் பாதி உயரத்துக்குக் கெட்டியாக இறங்கியது.

"போன தடவ மாதிரியேதான் இருக்கு" என்றார் வைத்தியர்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு ஐயா" என்றார் என் கணவர்.

வைத்தியர் குழலைக் கீழே வைத்தார். "ஆமா. கூடியிருக்கு. மன்னிச்சுக்கங்க."

"அறுப்பு வரைக்கும் ஓடுமா?"

"இந்த வேகத்துல போனா ஓடாது."

என் கணவர் அதற்காகக் கோபப்படவில்லை. அன்று மாலையே அண்ணனை உட்கார வைத்து, மேலக்காட்டு வரப்புத் தகராறை எப்படித் தீர்ப்பது, எந்த மாட்டை விற்க வேண்டும், எதை விற்கக் கூடாது என்று பேசினார். என்னைத் தகப்பனார் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, நானாகக் கேட்டால் ஒழிய, என்றும் சொன்னார். என்னை வைத்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அப்போது அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஊர்ப்பயணம் போகிறவர் போல அத்தனையையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாரே என்று. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, "ஒனக்குச் சொல்லத்தான் இன்னும் எதுவும் தோணல" என்றார்.

ஆவணி கடைசியில் நீர் பிரிவது குறைந்தது. குழலுக்கு வேண்டிய அளவுகூட வரவில்லை. கால் வீங்கியது, பகலெல்லாம் தூங்கினார். சிறுநீரகத்தை அந்தச் சத்து அடைத்துவிட்டது, இனி மயக்கத்திலேயே இருப்பார், வலி தெரியாது என்றார் வைத்தியர். பங்குச் சாமியார் வந்து சாவுக்கு முந்தின எண்ணெயைப் பூசினார். புரட்டாசியில் ஒரு காலை, மாமியார் தலைமாட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, நான் என் கணவரின் உதட்டைத் துணியால் நனைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு நின்றதை நான்தான் முதலில் கவனித்தேன். கொஞ்ச நேரம் யாரிடமும் சொல்லாமல் நனைத்துக்கொண்டே இருந்தேன்.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில், என் கணவரின் மாமா முறைக்காரர் ஒருவர், எனக்குக் கேட்கும்படியாகவே, "வச்சவ நல்லா இருக்கா, தின்னவன் போயிட்டான்" என்றார். நான் தலையை நிமிர்த்தவில்லை. கல்லறைக் குழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூத்தவர் குரல் கேட்டது.

"மாமா, எந்தம்பிக்கு எலும்புல புத்து. காச்சுன நீருல அதப் பாத்தேன். இந்தக் கைக்குள்ள அவன் எலும்பு ஒடிஞ்சது. இன்னொரு வார்த்தை பேசுனீகன்னா மண்ணுத் தள்ள நிக்க வேணாம், போயிருங்க."

மாமா போகவில்லை. ஆனால் அதற்குமேல் பேசவும் இல்லை. சாமியார் செபத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நான் தகப்பனார் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் உதவி வைத்தியர் வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்கள் ஆண்களிடம் உடம்பைக் காட்டக் கூசுகிறார்கள், படித்த பெண் ஒருத்தி கூட இருந்து கேட்டுச் சொன்னால் நன்றாயிருக்கும் என்றார். மாமியார் வேண்டாம் என்றார். ஊர் ஏற்கெனவே பேசியது போதாதா என்றார். மூத்தவர் மீசையைத் தடவிக்கொண்டே, "அவுக போகட்டும் ஆத்தா. நான் கொண்டு போய் விட்டுட்டு வாரேன்" என்றார்.

அங்கே பல வருஷம் இருந்தேன். எத்தனையோ குழல்களை விளக்கில் காட்டுவதைப் பார்த்தேன். அநேகம் பேருடையது தெளிவாக இருக்கும். சிலருடையது வெளுத்து, கொதிக்கக் கொதிக்கக் கெட்டியாகும். கொதித்தால் தெளிகிற நீரை மறுபடி ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், சின்னமனூரிலிருந்து வந்த ஒரு நெசவாளியிடம். உதவி வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் வெளியே போய், நெசவாளியின் மனைவி உட்கார்ந்திருந்த பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்.